நான்கு விரல் துணி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முதுகுவலித் தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள்கிறீர்களா? நான் நலம். அத்தையின் சோபாப் பட்டறையில் என் விடுமுறை வேலையும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

ஒரு நாற்காலியின் சாய்மானத்தில் பட்டன் வைத்துக் குழி விழவைக்கும் வேலையை முதன்முதலாக என்னிடம் கொடுத்தார்கள். ஃபோமில் ஆறு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். துணியிலும் மிகச் சரியாக அதே ஆறு அங்குலம். பட்டன்களை இழுத்துக் கட்டக் கட்டத் துணி குழிக்குள் போய், ஓரத்தில் நான்கு விரல் குறைந்துவிட்டது!

"கணக்குல நூத்துக்கு நூறாம்! குழிக்குள்ள இறங்கற துணியை யாரு அளப்பாங்க, உங்க டீச்சரா?" என்றார் தையல் மிஷின் அக்கா. உங்கள் தங்கையோ திட்டவே இல்லை. "ஊருக்கு டிக்கெட் போட்டுடட்டுமாடி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

கடையில் அந்தத் துணி தீர்ந்துவிட்டது. அதனால் குறைந்துபோன துணியையே பட்டைகளாக வெட்டி, மிச்சத் துண்டுகளையும் சேர்த்து, உள்ளே பஞ்சு அடைக்கிற நெடுக்குக் குழாய்களாகத் தைக்கிறேன் என்றேன். ஒட்டுகள் குழாய்களுக்கு நடுவே விழும் பள்ளங்களில் மறைந்துவிடும். நாற்காலிக்கார அம்மாவும் சம்மதித்தார். ஆனால் ஐந்தாவது குழாயில் பஞ்சு பாதியில் சிக்கி, எலி விழுங்கிய பாம்பு மாதிரி நிற்கிறது. மூன்று முறை பிரித்தாகிவிட்டது!

நம் வீட்டுத் தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். துவைக்காததே போதும். இங்கே எல்லாமே பசை வாசனை.

மிஷின் அக்கா கூப்பிடுகிறார். அத்தை போன் செய்தால், டிக்கெட் வேண்டாம், அவள் முடித்துவிட்டே வரட்டும் என்று சொல்லிவிடுங்கள் அப்பா.

அவசரத்தில்,
உங்கள் மகள்