பலகையில் அப்பாவின் பெயர்

என் பாசமுள்ள அண்ணா,

நீங்கள் போனதோடு பலெர்மோவில் ஒரு குடும்பப் பெயரும் போய்விட்டது. இந்த நகரத்தில் தில்லையம்பலம் என்று பதிவாகியிருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, ஒருநாள் தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து தன் குடும்பப் பெயரைக் காட்டினாள். பக்கம் முழுக்க அதே பெயர். மலைப்பக்கத்து ஊரொன்றிலிருந்து வந்ததாம். "உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது?" என்றாள். கொழும்பில் ஏஜென்சிக்காரனின் மேசையில் பிறந்தது என்று எப்படிச் சொல்வேன்? குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் உங்களுக்கு அப்பாவின் பெயரைப் போட்டான். எனக்கு, கல்யாணமானவள் என்று, இவருடைய பெயரைப் போட்டான். "என்னத்தையெண்டாலும் எழுதட்டும், போய்ச் சேர்ந்தால் காணும்" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

சியாகுல்லிப் பக்கத்துத் தோட்டமொன்றில் மண்டரின் தோடம்பழம் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டீர்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் போயிருந்தது. பிணவறை வாசலில் இருந்தவன் நம் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"தங்கை என்றால் குடும்பப் பெயர் ஏன் வேறு?"

"அது என் கணவருடைய பெயர்."

"இத்தாலியில் கல்யாணம் செய்தாலும் பெண்ணின் பெயர் மாறாது, சிஞ்ஞோரா. இரத்த உறவு என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்."

எங்கே போவேன் அண்ணா? பிறப்புப் பத்திரங்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டோடு போயின. அப்பா இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருக்கிறார். "ரெண்டு பேற்றை முகத்தையும் பாத்தால் தெரியேல்லையோ?" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் கதவைச் சாத்தினான்.

பிறகு தோட்ட முதலாளி வந்தான். பதிவில்லாமல் உங்களிடம் வேலை வாங்கியவன். நீங்கள் தன் தோட்டத்தைச் சும்மா பார்க்க வந்தவர் என்று பொலிஸில் சொன்னவன். அவன் குடும்பப் பெயரை அங்கே எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டான், உங்களை அவனிடம் கொடுத்தார்கள். நாங்கள் அறிந்து ஓடுவதற்குள், எரிக்கவேண்டிய உங்களை மண்ணில் போட்டு மூடிவிட்டார்கள்.

மேலே ஒரு மரப்பலகை நட்டிருக்கிறார்கள். அதில் 'தில்லையம்பலம்' என்று பெரிதாக. உங்கள் பெயருக்கு ஒற்றை எழுத்துத்தான், முற்றுப்புள்ளியோடு.

வன்னியைவிட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து, அப்பா வவுனியாவுக்கு வந்து, கடையொன்றிலிருந்து தொலைபேசியில் கதைத்தார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"என்ரை பேரோ பிள்ளை எழுதிக் கிடக்குது?"

"ஓம் அப்பா."

"அப்ப அவன்ரை பேர்?"

உயிரோடு இருக்கும் மனிதருக்கு, அவர் கண்ணால் காணாத ஊரில் கல்லறை. பெற்ற மகன் அதற்குள் பெயரில்லாமல் கிடக்கிறான்.

பலகையை மாற்றித் தரும்படி மயான அலுவலகத்தில் கேட்டேன். இரத்த உறவினர் வந்து கேட்கவேண்டுமாம். யார் வருவது, அண்ணா? முதலாளியா?

அவனை மன்னிக்கும்படி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இவர்கூட "விடும், இனி என்ன செய்யிறது" என்கிறார். நான் விடப்போவதில்லை. பத்திரத்தின் பிரதி எடுக்க அப்பா அலைகிறார். அது வந்தால் மயான அலுவலக மேசையில் வைத்து, சிவநேசன் என்று முழுப்பெயரையும் எழுத வைப்பேன். வராவிட்டால் மையும் தூரிகையும் கொண்டுபோய் நானே எழுதுவேன், தமிழில். அழித்தால் திரும்பவும் எழுதுவேன்.

தில்லையம்பலத்தின் மகள்,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
மலர்