நல்ல கேள்வி, ஐயா

கப்பலிலிருந்து,
மார்ச் 9

என் அன்பு வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று தெரியும், ஏனென்றால் உன்னைப் பார்த்துவிட்டேன். பதறாமல் முழுதும் படி. போனில் சொன்னால் பேசிப் பேசியே என்னை மடக்கிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் இயந்திரக் கோளாறு என்று கப்பலை நம் ஊருக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. சொல்லாமல் வந்து உன்னைத் திகைக்க வைக்க நினைத்தேன். அரண்மனை வாசலில் டிக்கெட் வாங்கி, நீ வழிகாட்டியாகக் கூட்டிப்போன குழுவிலேயே சேர்ந்துகொண்டேன். நான் கிளம்பிய பிறகு நீ சேர்ந்த வேலை அல்லவா, அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கம் திரும்பியபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு எவ்வளவு அழகாகப் பேசுகிறாய். ஒரு தூணில்கூட முட்டவில்லை. வீட்டில் மட்டும் நாற்காலியில் இடித்துக்கொள்வாய்.

கண்ணாடி மண்டபம், அரசியின் படுக்கையறை எல்லாம் முடிந்து தோட்டத்துக்கு வந்தோம். மேல் தட்டில் நின்று, கீழே வரிசையாக இறங்கும் நீரூற்றுகளையும் சதுரம் சதுரமாக வெட்டிய செடிகளையும் காட்டினாய். போருக்குப் போகும் முன் அரசர் இதை அரசிக்காக அமைத்தார், ஆனால் அரசி ஒரு நாள்கூட இங்கே இறங்கியதில்லை என்றாய். நான் பின்னாலிருந்து, "ஏங்க இறங்கலை?" என்று கேட்டேன். என் சொந்தக் குரலில்தான் கேட்டேன்.

நீ நிமிரவே இல்லை. "நல்ல கேள்வி, ஐயா. தோட்டம் வேணும்னு அரசி கேட்டாங்களான்னு யாரும் எழுதி வைக்கலை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில், "வந்ததுக்கு நன்றி, பார்த்துப் போங்க" என்று மற்றவர்களுக்குச் சொன்னது போலவே எனக்கும் சொன்னாய்.

அப்படியே துறைமுகத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். கட்டிய மனைவிக்கே நான் யாரோ என்றால் எந்த வீட்டுக்குத் திரும்புவது? ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

உன்,
பாப்பா அப்பா


வீட்டிலிருந்து,
மார்ச் 27

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கடிதத்தை வேலைக்கு நடுவே, டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் நின்று படித்தேன். அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த குழுவைக் கூட்டிப்போனேன்.

ஆமாம், எனக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. சாக்குச் சொல்லப் போவதில்லை, காரணம் மட்டும் சொல்கிறேன். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கண் முழுக்கத் தரையில்தான். யாராவது கயிற்றைத் தாண்டிப் பழைய கம்பளத்தை மிதித்தால், தோட்டத்தில் ஓரத்துச் செடியை மிதித்தால், என் தலைதான் உருளும். உங்கள் குரல்? இந்த மூன்று வருடமாகப் போனில் அது "சரி, வைக்கிறேன்" என்று மட்டும்தான் பேசியிருக்கிறது. நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று?

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு மணி நேரம் எதிரிலேயே நின்றும் "நான்தான்" என்ற ஒரு வார்த்தை வரவில்லை. ஊரார் அரண்மனையைப் பார்த்தார்கள், நீங்கள் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கூப்பிடு தூரத்தில்தான் பாப்பாவின் பள்ளிக்கூடம். அவளையாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கையெழுத்தை என் குழுவில் வந்து நிற்பதற்கு முன்னால் போட்டீர்களா, பின்னால் போட்டீர்களா? பின்னால் என்றால் தப்பு என் மேல். கெஞ்சிக் கூத்தாடியாவது உங்களை வரவழைப்பேன். முன்னால் என்றால், அதைச் சொல்லத்தான் வந்தீர்கள். சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்கு உங்களைத் தெரியாமல் போனது உங்களுக்கு வசதியாகப் போயிற்று.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் வாயாடி


கப்பலிலிருந்து,
ஏப்ரல் 20

என் அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடல் படாத பாடு படுத்துகிறது. புதுச் சமையல்காரர் உப்பை அள்ளிக் கொட்டுகிறார், கேட்டால் முறைக்கிறார். பாப்பாவுக்கு நீல ஷூ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கால் அளவு எழுது.

முன்னால், பின்னால் என்று தோண்டித் துருவினால் குடும்பம் நடக்குமா? நான் படும் பாடெல்லாம் உங்கள் இருவருக்காகத்தானே. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பாப்பா அப்பா


வீட்டிலிருந்து,
மே 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடல் இருந்தது, உப்பு இருந்தது, ஷூ இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. புரிந்துகொண்டேன்.

உங்களை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. போயிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் 'வந்துவிடுவார், வந்துவிடுவார்' என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு இன்னொரு மூன்று வருடம் என்னால் முடியாது. நான் இனிக் காத்திருக்கவில்லை.

பாப்பாவிடமும் மறைக்கவில்லை. அப்பா வந்தார், போய்விட்டார், இப்போதைக்கு வரமாட்டார் என்றேன். "ஸ்கூல் பக்கம் வந்தாராம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"வந்திருக்கலாம்ல. நான் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள்.

கால் அளவை அவளுக்கே எழுதிக் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

பாப்பாவின் அம்மா