வீட்டுக்குக் கீழே நிற்கும் தூண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு இங்கே உப்புச் சுரங்கத்தில் வேலையும் குடியிருக்க வீடும் தருகிறார்களாம், வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து அம்மா உன் அறையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. எனக்கும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

வீடுகள் காலியாக இருப்பது உண்மைதான். எப்படிக் காலியாயின என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சுரங்கத்தில் உப்பை வெட்டும்போது, மேலே இருக்கும் ஊரைத் தாங்குவதற்காக நடுநடுவே உப்பையே தூண்களாக விட்டுவைப்பார்கள். மற்ற உப்பெல்லாம் தீர்ந்து இரண்டு வருடமாகிறது. இப்போது வெட்டுவது அந்தத் தூண்களைத்தான். நாலு கால் கட்டிலில் ஒரு காலை எடுத்துவிட்டாலும், படுத்திருப்பவர் மறுபக்கம் ஒதுங்கிப் படுத்தால் கட்டில் நிற்கும். ஊர் இப்போது ஒதுங்கிப் படுத்திருக்கிறது.

உன் அறையில் பந்தை வைத்தால் ஜன்னல் பக்கம் உருளும். போன வாரம் அலமாரிப் பக்கம் உருண்டது. தச்சர் மாதம் ஒருமுறை வந்து கதவுகளை இழைத்துக் கொடுக்கிறார். "இன்னும் ரெண்டு தடவை இழைச்சா கதவு இருக்காது சார், திரைதான் தொங்கவிடணும்" என்று சிரித்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் தரைக்கு அடியில் துளைக்கும் சத்தம் கேட்கிறது. தண்ணீர்ச் செம்பு தானாக நகரும். அம்மா அதை இழுத்து வைத்துக்கொள்வாள்.

நிறுத்திவிடலாமே என்பாய். உப்பு லாரி போனால்தான் அரிசி லாரி வருகிறது. கிணறுகள் கரித்துப்போய் வயல்களைக் கைவிட்டு ஐம்பது வருடமாயிற்று. ஊரில் கைப்பிடி விதை வைத்திருப்பவர்கூட இல்லை. உப்பு இருக்கும்வரை நமக்கென்ன கவலை என்று பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு சொன்ன வாத்தியார் நான்தான்.

தூண் எடுக்க மேலே குடியிருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பின்தெருக்காரர்கள் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். "நீங்க படிச்சுச் சொன்னாப் போதும் சார்" என்றார் பால்காரர். தூணுக்குப் பதிலாகக் கல் அடுக்கித் தாங்கல் கொடுப்பார்கள் என்று வாசித்துக் காட்டினேன். தூணை எடுப்பதற்கு முன்பா பிறகா என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டு, தூண் எடுக்கத் தொடங்கிய பதினோராம் நாள் காலையில் பின்தெரு சத்தமே இல்லாமல் இடுப்பளவு இறங்கியது. பால்காரர் வீடு மட்டும் முழுவதும் உள்ளே போய்விட்டது. அவரும் அவர் மனைவியும் வெளியே வரவில்லை. ஊரே விளிம்பில் நின்று பார்த்தது. எட்டு மணிச் சங்கு ஊதியதும் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பின்தெருவில் மிஞ்சியவர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள்.

அதன்பிறகு நம் தெருவில் ஏழு குடும்பங்கள் சொல்லாமல் கிளம்பிவிட்டன. மாப்பிள்ளைக்குத் தருவதாகச் சொல்வது அதில் ஒரு வீடு.

எடுக்க வேண்டிய தூணைக் குறிப்பது சர்வேயரான உன் அண்ணன். அடுத்து நம் வீட்டுக்குக் கீழே இருப்பதைக் குறித்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். "வேற யார் வீட்டுக்குக் கீழ குறிக்கச் சொல்றீங்கப்பா?" என்றான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் வர வேண்டாம். எனக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு வா என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. உனக்காக என்றால் மறுபேச்சில்லாமல் புறப்படுவாள். நம் தூணை எடுக்கும் வேலை தொடங்க இருபது நாள் இருக்கிறது, அதற்குள் எழுது. வீட்டைப் பூட்டிவிட்டு நான் பின்னால் வருவதாக அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பேரன் மாடிப்படியில் தொப்பென்று குதித்து இறங்குகிறான் என்று குறைப்பட்டிருந்தாய். அவனை அதட்டாதே, பாப்பா. நன்றாகக் குதிக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
அப்பா