தோட்டாக்கூட்டில் ஒரு பேனா

சோஹார், ஓமன்
மார்ச் 2006

சகாயம்,

மகனின் அடக்கத்துக்கே வராத தகப்பன் உண்டா என்று உன் அண்ணன் கேட்கிறாராம். கேட்கட்டும்.

நம் எபினுக்கு ஒரு பேனா செய்து வைத்திருந்தேன். துப்பாக்கி சுடும் மைதானத்தில் பொறுக்கிய காலித் தோட்டாக்கூடுகள் இரண்டை லேத்தில் கடைந்து, உள்ளே ரீஃபில் பொருத்தியது. போன வாரம்கூட போனில், "அப்பா, அது நெசமாவே எழுதுமா?" என்று கேட்டான்.

நீ அழைத்ததும் ஊருக்குக் கிளம்பினேன். ரூமில் மரியராஜ், "லேய், அத வச்சிட்டுப் போ, ஏர்போர்ட்டுல பிடிப்பான்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். பிள்ளையின் சட்டைப்பையில் அதைச் செருகிய பிறகுதான் பெட்டியை மூட விடவேண்டும் என்றிருந்தது எனக்கு.

ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரிந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். விமானம் போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் மூடியைத் திருகி, தன் உள்ளங்கையில் கோடு இழுத்துப் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது போ என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குள் நீங்கள் மண் போட்டுவிட்டீர்கள். இனி எந்த முகத்தோடு வருவேன்?

இந்தக் கடிதத்தை அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். கல்லறைக்குப் போகும்போது அவனிடம் மட்டும் சொல்லிவிடு. அது எழுதுகிறது.

அவன் அப்பா