அரக்குச் சேலையில் ஓரப்பட்டி

கார்த்திகை 11, திங்கள்

மூன்று நாளாக விடாத மழை. ஹல்துமுல்லை கடைவீதிக்குப் போய் நூல் இரண்டு கட்டை, ஊசி, சீனி. சீனி நனைந்துவிட்டது.

என் தங்கை செல்லம்மா போய் ஏழு மாதம். பெண் குழந்தையைப் பெற்ற அன்றே கண்ணை மூடினாள்; பிள்ளை அன்றிலிருந்து என் மடியில். வரும் ஞாயிறு அதன் அப்பன் முருகேசு பசறையிலிருந்து வருகிறார். திருச்சியில் தன் தாயாரிடம் கொண்டுபோய் விடப்போகிறாராம். ஸ்டேஷன் வரை வண்டி, அப்புறம் ரயில், கப்பல். பாப்பாவுக்கு இருமல் வேறு.

அதற்காகத்தான் இந்தப் போர்வை. செல்லம்மாவின் பழைய சேலைகள் நான்கை அடுக்கித் தைத்தாயிற்று. மூலைகளைத் தட்டு வைத்து வட்டமாக வெட்டினேன். ஓரத்துக்குப் பட்டி மட்டும் பாக்கி.

12, செவ்வாய்

பட்டிக்கு அவள் கல்யாணச் சேலை. அரக்கு. பெரும்பகுதியைப் பிரசவத்தன்று ரத்தம் நிற்காமல் கிழித்துக் கிழித்து வைத்தோம். மீந்தது ஒன்றரை முழம்.

நேற்றுக் கடைவீதியில் தையல்கார நானாவிடம், அந்த முஸ்லிம் அண்ணனிடம், கேட்டிருந்தேன். "நேரா வெட்டினா வட்ட மூலையிலே சுருங்கும் தங்கச்சி. மடிப்பு ஓரத்திலே தேய்றதெல்லாம் ஒரே நூல் மேல விழுந்து சீக்கிரம் அறுந்தும் போகும். மூலைவாட்டமா வெட்டுங்க, வளைஞ்சு கொடுக்கும். ஆனா துணி சேதம்."

நேராக: நாலு பட்டி. முக்கால் முழத்துக்கு மேல் மிஞ்சும்.
மூலைவாட்டமாக: முழுதும் போகும். மிஞ்சுவது முக்கோணத் துண்டுகள்.

கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். சாப்பிடவில்லை.

13, புதன்

நேராகவே வெட்டினேன். ஒரு பட்டி. சிக்கனம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய். எனக்கு ஒரு துண்டு வேண்டும். போர்வைக்குப் போனது போக அவள் உடம்பில் பட்ட துணி வேறு எதுவும் இங்கே இல்லை.

முதல் மூலையிலேயே பட்டி விறைத்து எழும்பி நின்றது. பாப்பா கன்னம் அதில் உரசும். பிரித்தேன். திரும்பத் தைத்தேன். பிரித்தேன்.

அவரிடம் கேட்டேன், பிள்ளையை நாமே வைத்துக்கொள்ள முருகேசிடம் பேசக்கூடாதா என்று.

"அவன் புள்ள. எந்த வாயால கேக்கிறது?"

"நமக்குத்தான் இல்லையே."

அவர், தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு, ஆள் எண்ண நேரமாயிற்று என்று கணக்குப்பிள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகுமுன் பாப்பாவின் காலை ஒருமுறை தொட்டார்.

14, வியாழன்

விடிந்ததும் மீதித் துணியை மூலைக்கு மூலை மடித்தேன். வெட்டிவிட்டேன். பிரித்துப் பிரித்து நேர்ப் பட்டி நூலாய்ப் போனது; முக்கோணத் துண்டுகளையும் ஒட்டுப்போட்டதில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பட்டி கோணல்.

நானா சொன்னது சரி. வட்டத்தில் அப்படியே படிந்து போகிறது. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. ஒவ்வொரு தையலும் பாப்பாவை அனுப்புவதற்கு என்று தோன்றுகிறது.

மூன்று பக்கம் முடிந்தது. பாப்பாவுக்கு இருமல் குறைவு. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். ஊசியை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

15, வெள்ளி

இரண்டு நாள் முன்னாலேயே முருகேசு வந்துவிட்டார். கப்பல் தேதி மாறிவிட்டதாம். மெலிந்து போயிருக்கிறார். வண்டி வாசலில்.

நானே கேட்டேன். "இங்கேயே இருக்கட்டுமே. நான் பாத்துக்கிறேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ முகமே இருக்குக்கா இதுக்கு. இங்க விட்டா வந்து வந்து பாக்கணும். என்னால முடியல."

அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

போர்வையில் பாப்பாவைச் சுற்றிக் கொடுத்தேன். நாலாவது பக்கம் வெறும் ஓட்டுத் தையல். "ஓரம் இன்னும் முடியல," என்றேன்.

"பரவாயில்லக்கா. எங்கம்மா முடிச்சுக்குவாங்க."

பாப்பா அழவில்லை. தூங்கிக்கொண்டே போனாள். மழையில் வண்டிச் சத்தம் வளைவு வரைக்கும்தான் கேட்டது.

16, சனி

மழை விட்டது. பால்காரர் வழக்கம்போல் வந்து, "புள்ளைக்கு எப்படிங்க இருக்கு, இருமல்?" என்றார்.

"தேவலைங்க," என்றேன். செம்பை நீட்டிப் பாப்பாவின் பாலை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கும் ஊற்றுவார்.