அரை மூடி உரம்

ஐப்பசி 9, புதன்
காலையிலிருந்து சாரல். மிளகுக் கொடிப் பக்கம் போகவில்லை.

கண்ணாடித் தொட்டியில் கல்லோடு கட்டின செடிக்கு இலையெல்லாம் ஊசி குத்தினாப்புல ஓட்டை, ஓரம் மஞ்சள். இறால் பதினாலு. ஒருத்தி வயித்துக்கடியில் முட்டை.

பேத்தி கவிதா காலேஜ் ஹாஸ்டல் போறப்ப விட்டுட்டுப் போன தொட்டி. இப்போ என்னுது. போனில் சொன்னாள்: "செடிக்குப் பசி அம்மாயி. உரப் பாட்டில்ல போட்டிருக்கறதுல பாதி ஊத்துங்க, வாரம் ஒருக்கா. மோட்டார் இல்லாத தொட்டி, செடி மெதுவாத்தான் தின்னும்."

அரை மூடி ஊற்றினேன்.

கொழுந்தன் பொன்னான் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க அண்ணி, ஒரு பிடி யூரியா போட்டு வுடுங்க. கொழம்புக்கு ஆகறாப்புல வளரட்டும்."

எல்லைப் பலாமரத்தை வெட்டிச் சாய்ச்சவன். அவன் அண்ணன் காரியத்துக்கு மறுநாள். மறக்கவில்லை.

10, வியாழன்
இறாலெல்லாம் நல்லா மேயுது. தொட்டியில் தண்ணி குறைச்சல். வெள்ளை வாளியில் ஊத்துத் தண்ணி கொண்டாந்து சாயங்காலம் ஊற்றினேன். ராத்திரிக்குக் களி. மூட்டுவலி.

11, வெள்ளி
மூணு செத்துக் கிடக்குது. மத்தது கண்ணாடியில் ஏறி ஏறி விழுது. முட்டைக்காரி பாசிக்குள்.

சோளக்காடு போற பஸ்ஸில் பொன்னான் எல்லாருக்கும் சொல்லியாச்சு. "எங்க அண்ணி எழுத்துக் கூட்டிப் படிச்சு, உரத்தை ஊத்திக் கொன்னுட்டாங்க." கவிதாவுக்கும் போன். அவள்: "ஞாயித்துக்கிழமை வந்து தொட்டிய எடுத்துக்கறேன் அம்மாயி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

சிரமமாம்.

உரம் இல்லை. உரம் ஊத்தி ஒரு நாள் முழுக்க மேஞ்சுதுங்க. பிறகு மாறினது தண்ணி. வாளி.

கவுத்துப் பார்த்தேன். அடியில் நீலக் கறை. மயில்துத்தம். ஆடியில் மிளகுக் கொடி வாடலுக்குச் சுண்ணாம்போட கலக்கினது. துத்தம்னா செம்பு. இறாலுக்குச் செம்பு ஆகாதுன்னு கவிதா அன்னைக்கே சொன்னது.

கலக்கினது பொன்னானா இருக்கக் கூடாதான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். இல்லை. என் கைதான்.

பித்தளைக் குடம் வேண்டாம், அதுலயும் செம்பு.
எவர்சில்வர் குண்டான்.
பாதித் தண்ணி எடுத்துட்டு, புதுசு கரண்டி கரண்டியா.

12
சாவு இல்லை. ரெண்டு தரம் தண்ணி மாத்தி இடுப்பு போச்சு.

13, ஞாயிறு
கவிதா வந்தாள், தொட்டியைக் காலி பண்ண கையில் புது வாளியோட. துத்தத்தைச் சொன்னேன்.

"சின்ன அப்புச்சிகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"அவன் பலாமரத்துக்குப் பதில் சொல்லட்டும் கண்ணு. நான் வாளிக்குச் சொல்றேன்."

சிரிச்சாள். குனிஞ்சு எண்ணினாள். பதினொண்ணு. முட்டைக்காரி பாசியை விட்டு வெளியே வந்து வயித்தை விசிறிக்கிட்டு நின்னா. கவிதா ரொம்ப நேரம் பார்த்தாள்.

தொட்டி இங்கேயே. புது வாளியும் இங்கேயே.

16, புதன்
தூறல். செடியில் ஒரு தளிர், ஓட்டை இல்லை.

பொன்னான் வாசலில். "மறுபடியும் உரமா அண்ணி?"

அவன் பார்க்கப் பார்க்க அளந்தேன். அரை மூடி.