புள்ளி வைக்காத பெட்டி

5 ஜூலை 2024, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பினால் ஆர்மோனியத்தைக் காணவில்லை. ஹஃபீஸா விற்றுவிட்டாளாம். மூன்று மாதமாக நான் தலைகீழாக நின்றும் விற்க முடியாத சாமானை, நான் தொழப் போன முக்கால் மணி நேரத்தில் மனைவி விற்றால் மகிழ்ச்சிதானே வர வேண்டும்? வரவில்லை.

"புலாவ் செபாங்ல புதுசா தமிழர் காட்சியகம் தொறக்குறாங்களே, அந்த ஹெட்மாஸ்டர் சுகுமாரன் சார்தான் வாங்குனாரு. பெட்டியப் பொரட்டி அடியில பாத்தாரு. பாத்துட்டு அழுதுட்டாரு மச்சான்" என்றாள்.

இத்தனை வருடம் மலாக்காவின் இந்த மஸ்ஜித் தானா ஊரில் பழைய சாமான் விற்கிறேன். என் கடையில் விலை கேட்டு அழுதவர்கள் உண்டு. அடியைப் பார்த்து அழுதவர் இவர் ஒருவர்தான்.

9 ஜூலை, செவ்வாய்

அழுகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சுகுமாரன் சார் போன் செய்தார். எல்லோரையும் போல அவரும் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, அது யாரு பெட்டின்னு ஒங்களுக்கே தெரியாதா? ரேடியோ கந்தசாமியோடது! அடியில அவரே எழுதி வச்சிருக்காரு, 'கந்தசாமி பெட்டி'ன்னு!"

ரேடியோ கந்தசாமி இங்கே பெரிய பெயர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டே பாட்டுக் கட்டி, ரேடியோவில் பாடி, மலாக்காத் தோட்டங்களையெல்லாம் தலையாட்ட வைத்தவர். காலமாகி முப்பது வருடம் இருக்கும். எல்லாம் சரி. ஆனால் அந்த எழுத்து என்னுடையது!

யார் எதைக் கொண்டுவந்து விற்றாலும் அடியில் பென்சிலால் அவர் பெயரை எழுதி வைப்பேன். என் ஞாபக சக்தி அப்படி. இந்தப் பெட்டியை விற்றவர் டுரியான் துங்கால் ஊர்க்காரர், லாரி டிரைவர் கந்தசாமி. வீடு மாறும்போது கொண்டுவந்து போட்டார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சார், "புள்ளியே வைக்காம எழுதியிருக்காரு, கவனிச்சீங்களா? ஓலையில புள்ளி வைக்க மாட்டாங்க, அந்த ஓலைச்சுவடி மரபு நானா! என்ன கம்பீரமான எழுத்து!" என்றார்.

புள்ளி வைக்காததற்காகத் தமிழ்ப் பள்ளியில் பெஞ்சு மேல் நின்றவன் நான். அறுபத்தோரு வயதில் முதன்முறையாக ஒரு தலைமையாசிரியர் என் கையெழுத்தைப் புகழ்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

10 ஜூலை

இன்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

நேரில் சொல்லிவிடலாம் என்று காரை எடுத்துக்கொண்டு புலாவ் செபாங் போனேன். ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைவீட்டு மாடிதான் காட்சியகம். நட்ட நடுவில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் பெட்டி. அடியில் இருக்கும் எழுத்தை மக்கள் படிக்க வேண்டுமென்று கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேறு. அதில் என் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறது. நேராகப் பார்த்ததைவிட அதுதான் அழகாக இருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போது சார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இருபத்தெட்டாந்தேதி திறப்பு விழாவுக்கு ரேடியோ கந்தசாமியோட மக மங்களம் வர்றாங்க, தைப்பிங்லேருந்து. அப்பா வாசிச்ச பெட்டி எப்பவோ கை மாறிப் போச்சாம். இத ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்னு போன்ல அழுதாங்க."

இதுவரை விளையாட்டாக இருந்தது. இனி இல்லை. யாரோ ஒருவரின் பெட்டியைத் தடவி ஒரு பெண் அப்பா என்று அழப்போகிறாள். அதுவும் என் கிறுக்கலைப் பார்த்து.

அப்போதும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சீ, ஜமீல், நீயெல்லாம் ஒரு மனுசனா?

20 ஜூலை, சனி

லாரி கந்தசாமி கடைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணாடிக் கூண்டுக்குள்ளயா? எங்க வூட்டுல அது மேல பூன படுத்துக் கெடந்துச்சு நானா! பஜனைக்குன்னு எம் மச்சான் வாங்குனது. விடுங்க, பேரு சரியாத்தானே இருக்கு லா!"

நானும் சிரித்தேன். ஹஃபீஸா சிரிக்கவில்லை. "சாதாரணப் பலகைய ஒரு நாளும் தேக்குன்னு சொல்லி வித்ததில்ல நீங்க. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

ஹஃபீஸாவையும் கூட்டிக்கொண்டு விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். மங்களம் அக்கா எனக்கும் முன்பே வந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. கூண்டுக்கு முன்னால் குனிந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் மறுபடியும் ஓடிவிடுவேன் என்று தெரியும். ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, அது ஒங்க அப்பா எழுத்து இல்ல. நான் எழுதுனது. பெட்டியும் வேற ஒரு கந்தசாமியோடது. என்னை மன்னிச்சிருங்க."

அவர் நிமிரவில்லை. "தெரியும் தம்பி. எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுதான். பாட்டெல்லாம் அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுனது. வெளிய சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நானும் அவர் பக்கத்தில் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தேன்.

"ஆனா இதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பா எழுதக் கத்துக்கிட்டிருந்தா இப்படித்தான் கோணலா எழுதியிருப்பாருன்னு தோணுச்சு" என்றார்.

அதற்குள் சார் மாலையோடு வந்தார். அவரிடமும் சொன்னேன். இரண்டு வருடம் அலைந்து இந்த இடத்தை உருவாக்கிய மனிதர். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஓலைச்சுவடின்னு பத்திரிகைக்கு வேற எழுதிட்டேனே..." என்று அவர் முனகியபோது, என்னையே ஒரு கூண்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மங்களம் அக்கா கைப்பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த பழைய தாள். முதன்முதலாக ரேடியோவில் பாடக் கொடுத்த ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் இடத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல்.

"இதத் தரலாமா வேணாமான்னு பஸ்ஸுல பூரா யோசிச்சுக்கிட்டுதான் வந்தேன் சார். இந்தத் தம்பி வெக்கத்த விட்டு உண்மையச் சொல்லிருச்சு. நானும் சொல்லிர்றேன்."

"அப்பாவுக்குப் பண்ணிக் குடுத்த சத்தியம் என்னாவுறது, அக்கா?" என்று கேட்டேன்.

"அது மறைக்கிறேன்னு பண்ணுன சத்தியம் தம்பி. அம்பத்தஞ்சு வருசம் காப்பாத்துனது போதும்."

விழா தொடங்கியதும் மங்களம் அக்கா மைக்கைப் பிடித்து அதையே சபையிலும் சொன்னார். பிறகு பின்வரிசையில் யாரோ ரேடியோ கந்தசாமியின் தாலாட்டு ஒன்றை மெல்ல எடுத்துப் பாட, மண்டபமே சேர்ந்துகொண்டது. நானும் பாடினேன். சுருதி சேரவில்லை என்று ஹஃபீஸா இடித்தாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மறுபடியும் போனோம். லாரி கந்தசாமியின் பெட்டி இப்போது வெளியே ஒரு மேசையில். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாமாம். இரண்டு பிள்ளைகள் அதைப் போட்டுப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார்கள்.

கூண்டுக்குள் அந்தத் தாள். "பாடல்களைச் சொன்னவர் கந்தசாமி. எழுதியவர் மகள் மங்களம்" என்று அருகில் ஓர் அட்டை. மங்களம் அக்கா நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறார். தன் கட்டைவிரலை அந்த ஊதா ரேகைக்கு நேராகக் கண்ணாடி மேல் வைத்து அளந்து பார்த்தார்.

"எம்புட்டுப் பெரிய வெரலு எங்கப்பாவுக்கு!"

கண்ணாடியை யார் தொட்டாலும் சத்தம் போடும் சுகுமாரன் சார், ஜன்னல் பக்கம் திரும்பி ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒன்றும் வரவில்லை.